ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் கொலைகாரன்

இன்று காலை பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றபோது ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. சூடேறிய ரப்பரும் ஒட்டுப்பசையும் கலந்த வாசனை. ஐந்து மாதமாக நான் திண்டிவனத்தில் ஏறியதுமே வலது பக்கத்து இருக்கையாகத் தேடி உட்கார்ந்துவிடுவேன். உன் பஞ்சர் கடை இடது பக்கம். இன்று முகூர்த்த நாள் போலிருக்கிறது, ஒரே கூட்டம். இடது பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. வேறு வழியில்லாமல் பார்த்தேன். கடை திறந்திருந்தது. உன் முக்காலியில் உன் மனைவி செல்வி உட்கார்ந்திருந்தார். ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தி, எங்கே குமிழி வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பேருந்து நகர்ந்துவிட்டது.

விழுப்புரம் போய்ச் சேரும்வரை என் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டே இருந்தது.

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. இன்றைக்குத் திரும்பி வரும்போது நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன்னை நான் முதலில் பார்த்தது நீ மயங்கி விழுந்தபோதுதான். டயாலிசிஸ் வார்டில் எட்டுக் கட்டில்கள். திங்கள், புதன், வெள்ளி காலை வேளைக்காரர்கள் நாங்கள். எனக்கு அங்கே மூன்று மாதப் பழக்கம் ஆகியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் புதிதாக உன்னைப் படுக்கவைத்தார்கள். சிஸ்டர் உன் இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, குழாயை இயந்திரத்தோடு இணைத்தார். உன் ரத்தம் குழாய்க்குள் ஏறி ஓடத் தொடங்கியது. நீ அதை ஒரு முறைதான் பார்த்தாய். கண் மேலே சொருகிக்கொண்டது. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, கன்னத்தில் தட்டி உன்னை எழுப்பினார்கள்.

"பயப்படாதீங்க அண்ணா. உங்க ரத்தம்தான், சுத்தமாகித் திரும்பி உங்களுக்கேதான் வரும்" என்றார் சிஸ்டர்.

"எனுதுதான்னு தெரியிது சிஸ்டர். உள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணியும் இல்ல. வெளிய வந்து சுத்திக்கினு இருந்தா எப்டி பாக்கறது?" என்றாய்.

அடுத்த தடவையிலிருந்து கையின்மேல் ஒரு துண்டைப் போட்டுக் குழாயை மறைத்துக்கொண்டாய். என் பக்கம் திரும்பி, "சார் இன்னா வேல?" என்று கேட்டாய். தமிழாசிரியராக இருந்து, உடம்புக்கு முடியாமல் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன் என்றேன். அன்றிலிருந்து நான் வாத்தியார். மூன்றாவது வாரத்தில் உன் பேச்சிலிருந்து 'ங்க' உதிர்ந்துபோனது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த வார்டில் மற்ற எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். சீக்கிரம் போகப் போகிறவனிடம் பேசுகிற மரியாதை.

நீ வருவதற்கு முந்தைய அந்த மூன்று மாதத்தை யாரிடமும் நான் விவரித்ததில்லை. நான்கு மணி நேரம். இடது கையை மடக்கக் கூடாது. புரண்டு படுக்க முடியாது. ஒன்றுக்குப் போகவும் எழுந்திருக்க முடியாது. அது வருவதும் நின்றுபோயிருந்தது, அது வேறு விஷயம். எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம். அதன் பெரிய முள் சில சமயம் பின்னால் போவதுபோல எனக்குத் தோன்றும். முடிந்து எழுந்தால் விடுதலை என்றும் சொல்ல முடியாது, நாளை மறுநாள் திரும்ப வந்து படுக்க வேண்டும். கோயம்புத்தூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து, போய்ப் பார்த்தேன். ஒரு நாள்தான் இருக்க முடிந்தது. பேத்தி என் விரலைப் பிடித்தபோது அடுத்த டயாலிசிஸுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்றுதான் என் மனது கணக்குப் போட்டது. நீளமான கயிற்றில் கட்டிய மாடு கொஞ்ச தூரம் மேயும். என் கயிறு அதற்கும் சின்னது.

அங்கேதான் நீ அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய்.

ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் குரல் மாற்றியது. கூலிக்குக் கொலை செய்கிற ஒருவன். ஊரிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு சொட்டு ரத்தம் கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுவான். அதனால் ரத்தம் வராமல் கொல்ல வேண்டும். ஒருவன்மேல் குளிர்பதனப்பெட்டியைத் தள்ளுவான். இன்னொருவனைக் கல்யாணக் கேக்குக்குள் முக்குவான். துப்பாக்கி எடுத்தே தீர வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, அதற்குமேல் கண்ணையும் மூடிக்கொண்டு, காதில் விழும் சத்தத்தை வைத்துச் சுடுவான். சண்டை உச்சத்தில் இருக்கும்போதெல்லாம் அவனுடைய அம்மா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். அவனும் ஒரு கையால் அடித்துக்கொண்டே, என்ன சாப்பிட்டான் என்று சொல்வான்.

"என்னை மாரியே ஒரு ஆளு வாத்தியாரே" என்று சொல்லி, ட்யூப் ரப்பரைக் கீறிச் செய்த பட்டையால் கைப்பேசியைக் கட்டில் கம்பியில் கட்டினாய். "ரத்தம் பாத்தா அவுட்டு. ஆனா தொழில்ல கில்லாடி."

நான் கையிலிருந்த கவிதைப் புத்தகத்தை விடவில்லை. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இந்த மாதிரிப் படங்களைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். வன்முறையை வேடிக்கையாக்கும் சமூகம் எங்கே போய் நிற்கும் என்று கேட்டுக் கைதட்டல் வாங்கியவன். அப்படிப் பேசிய வாய், அந்தக் கைதட்டலைக் கேட்ட காது. நீ இயர்போனின் ஒரு முனையை நீட்டியபோது, "எனக்கு இதெல்லாம் பிடிக்காதுப்பா" என்றேன்.

"புடிக்கணும்னு இல்ல. நேரம் போவும்" என்றாய்.

முதல் நாள் புத்தகத்தின் ஓரத்தால் பார்த்தேன், சத்தமில்லாமல். அவன் கேக்குக்குள் ஆளை முக்கியபோது மேலே நிற்கும் பொம்மைத் தம்பதியில் மாப்பிள்ளை பொம்மை மட்டும் வழுக்கிக் கீழே விழுந்தது. என் வாய் தானாகக் கோணியது. நீ கவனித்துவிட்டாய். இயர்போனை மறுபடியும் நீட்டினாய். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அந்த வயர் இழுத்துக் கட்டின கொடி மாதிரி நின்றது. உனக்கு வலது காது, எனக்கு இடது காது. ஒருவர் தலையை அசைத்தால் மற்றவருடையது கழன்றுவிடும். ஊசி ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம் என்று அசையாமல் கிடந்தோம். அந்த வயரில் கட்டுண்டு கிடந்தது மட்டும் எனக்குப் பாரமாகவே இல்லை.

வில்லன் ஒரு மொட்டைத் தலையன். அவனுக்குக் குரல் கொடுத்தவர் நம் வடதமிழ்நாட்டு ஆள்தான், சந்தேகமில்லை. யாரைப் பார்த்தாலும் அவன் ஒரே மிரட்டலை மிரட்டுவான். "ரெண்டு கிட்னியையும் உருவிடுவேன்!" முதல் தடவை அது வந்தபோது நீ கைப்பேசியைப் பார்த்து, "வந்து எட்துக்கினு போ நைனா, ரெண்டும் ரிப்பேரு" என்றாய். எனக்கு அடக்க முடியவில்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கை ஆடி, ஊசி நகர்ந்து, இயந்திரம் கத்தத் தொடங்கியது. நீயும் சிரித்தாய், உன்னுடையதும் கத்தியது. சிஸ்டர் ஓடிவந்தார்.

"என்ன சார், நீங்களுமா? வாத்தியாருதானே நீங்க? இன்னொரு வாட்டி அலாரம் அடிச்சா ரெண்டு பேரையும் பிரிச்சி ஆளுக்கொரு மூலையிலே போட்ருவேன்."

நாற்பது வருடம் கழித்து வகுப்பில் பேசியதற்காகத் திட்டு வாங்கினேன். எதிர்க் கட்டிலில் எப்போதும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெரியவர்கூடத் திரும்பி, "என்ன படம்?" என்று கேட்டார்.

எத்தனை தடவை பார்த்தோம் என்று எனக்கு நினைவில்லை. கேக் காட்சி, மாட்டுச் சந்தைக் காட்சி, அம்மா போன் செய்யும் காட்சிகள் என்று பிடித்த இடங்களாகத் திருப்பித் திருப்பி ஓட்டுவாய். வீட்டில் என்னவள், பட்டிமன்றம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று நினைத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நல்ல நூல்களைப் படித்து வளர்ந்தவன், ஒரு மொட்டையன் குளத்தில் விழுவதற்காக இரண்டு நாள் காத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை வந்தால் காலையில் கொஞ்சம் சீக்கிரமே எழுந்தேன் என்பதுதான் உண்மை. அந்தப் படத்தில் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போவான். நம்மைப்போல எடை பார்க்கிற வேலை அங்கே யாருக்கும் இல்லை. உடம்பு என்பது அங்கே ஒரு விளையாட்டுச் சாமான். நம் வார்டில் உடம்பைத் தவிர வேறு பேச்சே இல்லாத நேரத்தில், அதை அப்படித் தூக்கிப் போட்டு விளையாடுவதைப் பார்க்க எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம்தான்.

சிரிப்பு இல்லாத நேரமும் இருந்தது. உனக்குத் தாகம்தான் பெரிய எதிரி. நாள் ஒன்றுக்கு அரை லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது, நம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. செல்வி ஒரு பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. வெயிலில் லாரி டயர் கழற்றுகிறவனுக்கு அந்தக் கோடு எந்த மூலைக்கு? "வாயில தண்ணிய வெச்சிக்கினு துப்பிடுவேன் வாத்தியாரே. துப்பறப்போ அழுகாச்சியா வரும்" என்று ஒரு நாள் சொன்னாய். கடைக்கு எதிரிலேயே இளநீர் வண்டி. அவன் வெட்டுகிற சத்தத்தைக் கேட்காமல் இருக்கக் காற்றடிக்கும் இயந்திரத்தை வேலையில்லாதபோதும் ஓட்டுவாயாம். வார்டில் நுழையும்போது எடைமேடையில் ஏறுவதற்குமுன் செருப்பு, கைப்பேசி, இடுப்புச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுப்பாய். அப்படியும் சிஸ்டர், "மூணு கிலோ ஏத்திக்கினு வந்திருக்கீங்க அண்ணா. இதயத்துக்கு ஆகாது" என்பார். நீ தலையைக் குனிந்துகொள்வாய். அந்தச் சமயத்தில் உன்னைப் பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டேன்.

அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது என்று நீதான் சொன்னாய். அந்த வெள்ளிக்கிழமைதான் விழுப்புரத்தில் ஒரு தியேட்டரில் போட்டிருந்தார்கள்.

"நாளைக்கி சனிக்கிழம. காலையில போய்ப் பாத்துட்டு வந்துடலாம் வாத்தியாரே. பெரிய திரையில."

"மூணு மணி நேரம் உட்கார முடியுமா உன்னால?"

"நாலு மணி நேரம் படுத்துக்கினே கெடக்கறோமே, அது இன்னா? அங்க ஊசியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. கைய ஆட்டிச் சிரிக்கலாம்."

கையை ஆட்டிச் சிரிக்கலாம் என்றதுதான் என்னைச் சாய்த்தது. நான் வீட்டில் பழைய மாணவன் வீட்டுக் கல்யாணம் என்றேன். நீ செல்வியிடம் டயர் வாங்கப் போகிறேன் என்றாய். சனிக்கிழமை காலை நான் வந்த பேருந்தில் நீ கூட்டேரிப்பட்டில் ஏறினாய். இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விழுப்புரம் போவது நாம் பழகிய ஒன்றரை வருடத்தில் இரண்டு பேருக்குமே அதுதான் முதல் தடவை. விக்கிரவாண்டி தாண்டும்போது, "திரும்பிக் கூப்பிட்டுக்கினு போய்டுவாங்களோன்னு பயமாகீது" என்று சொல்லிச் சிரித்தாய்.

இரண்டாம் பாகம் முதல் பாகம் அளவுக்கு இல்லை. நீயே சொன்னாய். ஆனாலும் அவன் போலீசுக்குப் பயந்து ஓடி ஒளிகிற இடம் ஒரு ரத்த வங்கி என்று தெரிந்த நொடியில் தியேட்டரே அதிர்கிற மாதிரி கத்தினாயே, அதற்காக அந்தப் படத்தை மன்னிக்கலாம். சுற்றிலும் பைபையாக ரத்தம். அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு நடக்கிறான். அம்மா போன் செய்கிறாள். நீ இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கைதட்டினாய். ஊசித் தழும்பு புடைத்த அந்தக் கை அவ்வளவு உயரம் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இடைவேளையில் உனக்குக் கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தே இரு என்றேன். "பாப்கார்ன் மட்டும் வாங்கிக்கினு வா, உப்பு கம்மியா" என்றாய். நான்தான் போனேன். கவுண்ட்டரில் கண்ணாடிக்குள் குளிர்பானப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. நீ கேட்கவில்லை. இதை நான் எனக்கே பலமுறை மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீ கேட்டாய், நான் வேண்டாம் என்றேன், நீ பிடிவாதம் பிடித்தாய் என்றெல்லாம். இல்லை. நீ கேட்கவே இல்லை. பெரிய பாட்டில் ஒன்று கொடுங்கள் என்று நானாகத்தான் சொன்னேன். அன்று நாம் இரண்டு பேரும் நோயாளிகள் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நினைப்பை முழுதாக அனுபவிக்க வேண்டும் போலிருந்தது.

நீ பாட்டிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"வாத்தியாரே, நாளிக்கி ஞாயித்துக்கிழம. திங்கக்கெழமதான் மெஷின்."

"கொஞ்சம் குடி. மீதியை வச்சிடு" என்றேன்.

நானும் இரண்டு மடக்கு குடித்தேன். நீ மீதியை வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றது. வழக்கமாக நீ கடை வாசலிலேயே நின்று கையைக் காட்டுவாய். கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அதன்மேல் ஈரம் காயாத சுவரொட்டி. கண்ணீர் அஞ்சலி. உன் படம். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, கறுப்புக் கண்ணாடி போட்ட படம். அடுத்த கொலைக்குப் போகிறவன் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்று, பல் கிட்டிக்கொண்டது.

"இங்கதானே சார் உங்க கூட்டாளி ஏறுவாரு?" என்று நடத்துனர் சுவரொட்டியைப் பார்த்தபடி கேட்டார். "எறங்கறீங்களா? வண்டிய நிறுத்தவா?"

அங்கே ஏறியவர்களிடம் கேட்டதில், முந்தின நாள் சாயங்காலம் மூச்சுத் திணறிப்போனதாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாகவும் ஒருவர் சொன்னார். மதியம் எடுக்கிறார்கள் என்றார்.

நான் இறங்கவில்லை. எனக்கும் டயாலிசிஸ் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. கால் வீங்கியிருந்தது, படி ஏறும்போதே மூச்சு இரைத்தது. இறங்கினால் என் முறை வேறு ஒருவருக்குப் போய்விடும், மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் நடத்துனரிடம் வாயைத் திறந்து, "போகலாம்" என்று சொல்ல வைத்தது இதெல்லாம் மட்டும்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. செல்வியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்று நான்கு மணி நேரம் உன் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தேன். உன்னைக் குளிப்பாட்டியிருப்பார்கள், மாலை போட்டிருப்பார்கள், தூக்கியிருப்பார்கள். என் ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. கையை மடக்கக் கூடாது என்பதால் கண்ணைத் துடைக்க வலது கை மட்டும்தான். ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்து ஓடிவிடலாம் என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. ஓடி எங்கே போவேன்? மூன்றாவது நாள் இதே கட்டிலுக்குத்தானே வர வேண்டும். முடிந்து எழுந்தபோது தலை சுற்றியது. மறுபடி படுக்கவைத்துவிட்டார்கள். கூட்டேரிப்பட்டு வழியாகத் திரும்பும்போது சாலையில் உன்மேல் தூவிய பூவின்மேல் லாரிகள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

சில வாரம் கழித்து டாக்டரிடம், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன். ஒரு பாட்டில் குளிர்பானத்தால் ஆள் போய்விடுமா?

"ஒரு பாட்டிலாலேன்னு சொல்ல முடியாது சார். இதயம் முன்னாலேயே பலவீனமாகியிருக்கும். எப்ப வேணும்னாலும் நடந்திருக்கலாம்" என்றார். பிறகு காகிதத்தில் எழுதிக்கொண்டே, "ஆனா குடிக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

அந்த 'ஆனா' என்னோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது. என்னவளிடம் சொல்லலாம் என்றால் கல்யாணம் என்று சொன்ன பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். எப்போதும் கட்டிலோடு கட்டுண்டு கிடப்பவன், இப்போது கட்டிலை விட்டு எழுந்த பின்னும் கட்டுண்டே திரிந்தேன். ஐந்து மாதம், வலது பக்கத்து இருக்கை.

இன்று திரும்பும்போது கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் கால் தானாக எழுந்துகொண்டது என்று எழுத ஆசை. தானாக எழவில்லை. விக்கிரவாண்டியிலிருந்தே எழு எழு என்று திட்டிக்கொண்டு வந்தேன்.

மதிய வெயில். செல்வி ஒரு பைக்குக்குக் காற்றுப் பிடித்து அனுப்பிவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஒன்றிரண்டு முறை வார்டில் பார்த்தவர்தானே.

"வாங்க சார். நெழலுக்கு வாங்க. இன்னிக்கி மெஷின் நாளாச்சே, நிக்காதீங்க" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். "அவரு போன பிறகு என் தம்பிதான் கொஞ்ச நாளு பாத்துக்கினு இருந்தான். அவனுக்கு ஓசூர்ல வேல கெடச்சிடுச்சி. அதான் நானே கத்துக்கினேன்."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"செல்விம்மா, அந்தச் சனிக்கிழமை அவர் டயர் வாங்கப் போகலை. என்னோட சினிமாவுக்கு வந்தார்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"ஊட்டுக்கு வந்து அடங்கலியே அந்தாளு. கட்டிலு மேல ஏறி நின்னுக்கினு படம் முழுக்க நடிச்சிக் காட்டுனாரு. ரத்த பேங்க்காமே. கண்ண மூடிக்கினு ஊட்டுக்குள்ள நடந்து, கதவுல போய் முட்டிக்கினாரு. ரெண்டு வருசமா அவரு அப்டி நின்னு நான் பாத்ததில்ல." சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் நிழல் வந்து போனது.

அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். வழி கிடைத்துவிட்டது. அந்த வழியில் நழுவி அடுத்த பேருந்தில் ஏறியிருக்கலாம்.

"இடைவேளையில் கூல்டிரிங்ஸ் குடிச்சார்" என்றேன். "அவர் கேட்கலை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பெரிய பாட்டில்."

காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த செல்வியின் கை நின்றுவிட்டது. சாலையில் ஒரு லாரி போனது. இன்னொன்று போனது.

"எவ்ளோ குடிச்சாரு?"

"நான் ரெண்டு மடக்கு. மீதி எல்லாம் அவர்."

"பாட்டில்ல கோடு போட்டு வெச்சேன் சார் நான்" என்றார். குரல் உயரவில்லை. "ஒரு நாளு ராத்திரி கோட்டுக்குக் கீழ ஒரு வாய் குடிச்சிட்டாருன்னு சண்ட போட்டு, மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்தேன். ரெண்டு நாளு. நீங்க படிச்சவரு. உங்களுக்கும் அதே சீக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாங்கிக் குடுத்தீங்க."

"ஆமா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பட்டுமா என்று கேட்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் கையில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் லேசாகக் கசிந்து பஞ்சு சிவந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சுத்தமான துணியைக் கிழித்து வந்து, பஞ்சின்மேல் வைத்து, என் பெருவிரலைப் பிடித்து அதன்மேல் அழுத்தி வைத்தார். உனக்கு எத்தனை முறை அப்படிச் செய்திருப்பாரோ. மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"சில்லுனு இருந்துச்சா சார்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்தக் கூல்டிரிங்ஸு. நல்லா சில்லுனு குடுத்தாங்களா?"

"சில்லுனு இருந்தது. கைவைக்க முடியலை. பாட்டில் முழுக்க வியர்த்து வழிஞ்சது."

"எப்டி குடிச்சாரு?"

சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில்கூட ஒன்றை அவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை. முதலில் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். பிறகு நெற்றியில். மூடியைத் திறந்தபோது வந்த புஸ் சத்தத்துக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். முதல் மடக்கை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாய். துப்பிவிடுவாயோ என்று நினைத்தேன். விழுங்கினாய். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாய். அதன்பிறகு நிறுத்தவில்லை. முடித்துவிட்டுப் பெரிதாக ஏப்பம் விட்டாய், முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பி முறைத்தார். நீ எழுந்து நின்று அவருக்குக் கும்பிடு போட்டாய்.

செல்வி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் நின்றேன். இரண்டும்தான் போலிருக்கிறது.

திண்டிவனம் பேருந்து வந்ததும் கையைக் காட்டி நிறுத்தியது அவர்தான்.

வீட்டுக்கு வந்து, கல்யாணம் என்று சொன்ன பொய்யிலிருந்து தொடங்கி என்னவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள், இன்னும் பேசவில்லை. பேசுவாள். வெள்ளிக்கிழமை நான் மறுபடி அந்தக் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டும். உன் இடத்தில் இப்போது ஒரு கல்லூரிப் பேராசிரியை, நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிறார். வாங்கிக் கொடுத்த தவறு என்னுடையது. அதை யாரிடமும் இறக்கிவைக்க முடியாது என்று இன்று தெரிந்துகொண்டேன், செல்வியும் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் முதல் மடக்கை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிய உன் முகத்தை இத்தனை நாளும் நான் ஒருவன் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது அவரிடமும் இருக்கிறது.